விமானம் இறங்கும்போது பறவை மோதினால்? கோவைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

அரசூர் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட ஏறினால், பீளமேடு விமான நிலையத்தில் இறங்கப் போகும் விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தலைக்கு மேலே போவது தெரியும். எனக்குத் தொழில் ஸ்பின்னிங் மில் உதிரிபாகம். விமானம் ஒரு பைத்தியம், பறவை இன்னொரு பைத்தியம். 2024 டிசம்பரில் தென்கொரியாவில் பறவை மோதிய விமானம் ஒன்று விபத்துக்குள்ளானதிலிருந்து, சொந்தபந்தத்தில் யார் விமானம் ஏறினாலும் என்னிடம் ஒரு கேள்வியாவது கேட்காமல் விடுவதில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

விமானத்தில் பறவை மோதுவது அடிக்கடி நடக்கிற விஷயமா?

ஆமாம். அமெரிக்காவில் மட்டும் இப்போதெல்லாம் ஆண்டுக்கு 15,000-க்கு மேல் பதிவாகிறது. ரைட் சகோதரர்கள் 1903-ல் பறந்தார்கள். 1905 செப்டம்பரிலேயே ஆர்வில் ரைட் ஒரு பறவைமேல் மோதிவிட்டார். அவ்வளவு பழைய சங்கதி. பெரும்பாலான மோதல்களில் மிஞ்சுவது இறக்கையில் ஒரு ரத்தக்கறையும் ஒட்டிய இறகும்தான். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஏறும்போதா, இறங்கும்போதா, எப்போது அதிகம்?

எண்ணிக்கையில் இறங்கும்போது. அமெரிக்கக் கணக்குப்படி சுமார் 60 சதவீதம் இறங்கும் கட்டத்தில், 35 சதவீதம் போல ஏறும் கட்டத்தில்.

காரணம் பள்ளிக்கூடக் கணக்குதான். விமானம் இறங்குகிற சரிவு ஏறக்குறைய 3 டிகிரி. அதாவது ஒரு கிலோமீட்டர் முன்னே போனால் 52 மீட்டர்தான் கீழே இறங்கும். ஓடுதளத்துக்கு 6 கி.மீ. இருக்கும்போதே உயரம் 300 மீட்டர் சொச்சத்துக்கு வந்துவிடும். பருந்து வட்டமடிப்பதும் கொக்குக் கூட்டம் கூடு திரும்புவதும் அந்த உயரத்துக்குள்தான். ஏறும் விமானம் இதைவிட அதிகச் சரிவில் எழும்பி அந்த உயரத்தைச் சீக்கிரம் தாண்டிவிடும். இறங்கும் விமானமோ அதற்குள்ளேயே மெதுவாக நகர்ந்து வருகிறது. அதோடு இறங்கும்போது எஞ்சின் அடங்கி ஓடுகிறது, முன்பக்கம் சத்தம் குறைவு. பறவைக்குத் தாமதமாகத்தான் காதில் விழும்.

ஆனால் ஒன்று. எண்ணிக்கை இறங்கும்போது அதிகமாக இருந்தாலும், சேதம் ஏறும்போது மோதினால்தான் மோசம். அப்போது எஞ்சின் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், விமானத்தில் எரிபொருளும் நிறைந்திருக்கும், அதற்கு எழும்பியே ஆகவேண்டும். நியூயார்க்கில் 2009 ஜனவரி 15 அன்று பறவை மோதிய விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார்களே, 155 பேரும் பிழைத்தார்களே, அது ஏறும்போது நடந்ததுதான்.

ஒரு கிலோகூட இல்லாத பருந்து அவ்வளவு பெரிய விமானத்தை என்ன செய்துவிடும்?

எங்கள் சித்தப்பா இதை எப்போதும் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அவருக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. பருந்து 800 கிராம். விமானம் இறங்கும் வேகம் மணிக்குச் சுமார் 250 கி.மீ. இந்த வேகத்தில் மோதினால் வரும் ஆற்றல், 25 கிலோ அரிசிச் சிப்பத்தை 8 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடிக்கும் கொஞ்சம் மேலிருந்து, தலையில் போட்டதற்குச் சமம். அரிசிச் சிப்பமாவது பரந்து விழும். பருந்தின் அடி முழுக்க ஒரு தட்டு அகலத்தில் இறங்குகிறது. சித்தப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

எடை கூடக்கூட ஆற்றலும் அதே விகிதத்தில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. பறவை எவ்வளவு வேகமாகப் பறந்து வந்தது என்பது இதில் பெரிய சங்கதியே இல்லை. வேகம் முழுக்க விமானத்துடையது.

கண்ணாடி உடைந்து உள்ளே வந்துவிடாதா?

விமானியின் முன்கண்ணாடி பல அடுக்குகள் கொண்டது. 4 பவுண்டு, அதாவது 1.8 கிலோ எடையுள்ள பறவை மோதினாலும் துளைத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்பது விதி. அழுத்தக் காற்றால் சுடும் பீரங்கி ஒன்றில் செத்த கோழியை வைத்துச் சுட்டுச் சோதிப்பார்கள். 1.8 கிலோ என்றால் பல்லடத்துப் பண்ணையிலிருந்து லாரி ஏறும் பிராய்லர் கிட்டத்தட்ட அந்த எடைதான். கண்ணாடி விரிசல் விடலாம், அப்பளம் போல நொறுங்கின மாதிரி தெரியலாம், ஆனால் உள்ளடுக்கு தாங்கவேண்டும்.

எஞ்சினுக்குள் போனால்?

முன்னால் சுற்றும் விசிறி இதழ்களில் அடிபடும். சின்னப் பறவையென்றால் துண்டாகி, பெரும்பகுதி எஞ்சினின் சூடான மையத்துக்குப் போகாமல் சுற்றுவழியில் பின்னால் வெளியேறிவிடும். இதழ் வளைந்தாலோ மையத்துக்குள் போய்விட்டாலோ காற்றோட்டம் குலையும். அப்போது டமார் டமார் என்று வெடிச்சத்தம் வரும், பின்னால் தீ நாக்கு நீளும், விமானம் அதிரும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் 'எஞ்சின் தீப்பிடித்துவிட்டது' என்று கத்துவார். பல சமயம் அது எரிபொருள் ஒழுங்காக எரியாமல் வெளியே வந்து எரிவதுதான். விமானி அந்த எஞ்சினை அடக்கிவிடுவார். இரட்டை எஞ்சின் பயணிகள் விமானம் ஒன்றை மட்டும் வைத்துப் பறக்கவும் இறங்கவும் முடியும். அப்படித்தான் வடிவமைக்கிறார்கள், அதற்குத்தான் விமானிகள் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள்.

எனக்கே ஒரு முறை நடந்தது. சென்னையிலிருந்து காலை விமானம். பீளமேட்டில் சக்கரம் தரையைத் தொட அரை நிமிஷம் இருக்கும்போது கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒரு வாசம். நாட்டுக்கோழியை மஞ்சள் தடவித் தீயில் வாட்டும்போது முடி கருகுமே, அதே வாசம். அறைக்குள் வரும் காற்று எஞ்சின் வழியாகத்தான் எடுக்கப்படுகிறது என்று தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். பக்கத்து சீட்டு அம்மா 'கேண்டீன்ல என்னமோ கருகுதுங்க தம்பி' என்றார். நானும் ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். இறங்கி வரும்போது திரும்பிப் பார்த்தேன். எஞ்சின் வாய்க்குள் ஒருவர் டார்ச் அடித்து, ஒவ்வொரு இதழாகக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. இரண்டு பழுப்பு இறகு.

எஞ்சின் வாயில் ஒரு கம்பிவலை போட்டுவிட்டால் போதாதா?

மில்லில் வேலை செய்யும் எல்லாரும் கேட்கும் கேள்வி. பறவையைத் தடுக்கும் அளவுக்கு வலை உறுதியாக வேண்டுமென்றால் கம்பி தடிமனாக இருக்கவேண்டும். தடிமனானால் காற்று உள்ளே போவது தடைபடும், எடை கூடும், மேகத்துக்குள் போனால் வலையில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். அப்படியும் ஒரு நாள் வலையே பிய்ந்தால், பறவையோடு சேர்ந்து இரும்புக் கம்பியும் உள்ளே போகும். சதையைவிட அது ஆபத்து.

எஞ்சின் நடுவில் வெள்ளைச் சுருள் வரைந்திருக்கிறார்களே, பறவையை மிரட்டவா?

முக்கியமாகத் தரையில் வேலை செய்யும் ஆட்களுக்கு. சுருள் சுற்றினால் எஞ்சின் ஓடுகிறது, கிட்டே போகாதே என்று அர்த்தம்.

விமானிக்குப் பறவை தெரிந்தால் திருப்பிவிட முடியாதா? மறுபடி மேலே ஏறிவிடலாமே?

நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு, 200 மீட்டர் தூரத்தில் பருந்து கண்ணில் பட்டால் மிச்சம் இருப்பது மூன்று நொடி. நூறு டன்னில் பாதிக்கு மேல் எடையுள்ள ஒன்றை அதற்குள் எங்கே ஒதுக்குவது? தரைக்குப் பக்கத்தில் திடீரென்று திருப்புவதுதான் பறவையைவிடப் பெரிய ஆபத்து.

மேலே ஏறுவது பற்றி ஒரு பாடம் இருக்கிறது. 2008 நவம்பர் 10, இத்தாலியில் ரோம் நகரின் சாம்பினோ விமான நிலையம். 172 பேருடன் ஒரு போயிங் 737 தரையைத் தொடப் போகிறது. முன்னால் ஸ்டார்லிங் குருவிகள் பெருங்கூட்டமாக எழும்பின. விமானி மறுபடி மேலே ஏற எஞ்சினுக்கு முழு விசை கொடுத்தார். அந்த நேரத்தில்தான் கூட்டம் இரண்டு எஞ்சினுக்குள்ளும் புகுந்தது. விசை போய்விட்டது. விமானம் ஓடுதளத்தில் பலமாக விழுந்து, இடது சக்கரக் கால் மடங்கிவிட்டது. சிலருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. அந்த விமானம் அதன்பின் பறக்கவில்லை.

இறங்குவது உறுதி என்ற நிலைக்கு வந்தபின் கூட்டம் எதிரே வந்தால் அப்படியே இறங்கிவிடுவது நல்லது என்பதுதான் இன்று பொதுவான அறிவுரை. எஞ்சின் அடங்கி ஓடும்போது பறவை உள்ளே போனால் சேதம் குறைவு. ஓடுதளமும் கண்முன்னே இருக்கிறது.

கொரியாவில் உண்மையில் நடந்தது என்ன?

2024 டிசம்பர் 29. பாங்காக்கிலிருந்து வந்த ஜேஜு ஏர் 2216, முவான் விமான நிலையத்தில் இறங்க வந்தது. பறவை இருக்கிறது என்று கட்டுப்பாட்டு கோபுரம் எச்சரித்தது. அடுத்த ஓரிரு நிமிஷத்தில் விமானி பறவை மோதிவிட்டது, மேலே ஏறுகிறேன் என்று அபாய அழைப்பு விடுத்தார். பிறகு எதிர்த்திசையில் திரும்பி வந்து, சக்கரம் இறங்காமல் வயிறு தேய இறங்கியது. ஓடுதளத்தைத் தாண்டி ஓடி, இறங்கு வழி காட்டும் ஆன்டெனாவைத் தாங்கி நின்ற கான்கிரீட் வைத்த மேட்டில் மோதியது. 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். வால்பக்கம் இருந்த பணியாளர் இருவர் மட்டும் பிழைத்தார்கள்.

இரண்டு எஞ்சினிலும் பைக்கால் டீல் என்ற காட்டு வாத்தின் இறகும் ரத்தமும் கிடைத்தன. குளிர்காலத்தில் கொரியாவுக்குப் பெருங்கூட்டமாக வலசை வரும் சிறு வாத்து அது. கடைசி நான்கு நிமிஷம் கறுப்புப் பெட்டிகள் இரண்டும் பதிவு செய்யவில்லை. 'வாத்து 179 பேரைக் கொன்றது' என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாத்து தொடக்கி வைத்தது. வயிறு தேய இறங்கியும் உடையாமல் சறுக்கிப் போன விமானத்தை உடைத்தது அந்த மேடு.

நம் கோவையில் எந்தெந்தப் பறவையைப் பார்த்துப் பயப்படவேண்டும்?

முதலில் கரும்பருந்து. மதிய வெயிலில் சூடான காற்றில் ஏறிச் சுற்றும். தனியாக வட்டமடித்தாலும், கீழே கறித்துண்டு கிடந்தால் இருபது முப்பது சேர்ந்துவிடும். அப்புறம் ஆக்காட்டி. வெட்டவெளிப் புல்தரையில் முட்டையிடும் பறவை அது. விமான நிலையத்தைவிடப் பெரிய வெட்டவெளி அதற்கு எங்கே கிடைக்கும்? உண்ணிக்கொக்கு, மாடப்புறா, இரவில் பழந்தின்னி வௌவால்.

குளிர்காலத்தில் சோளப்பட்சி வரும். சூறைக்குருவி என்றும் சொல்வார்கள். ரோஸ் நிற முதுகு, கறுத்த தலை. சோளக்காட்டின் மேல் ஒரு துப்பட்டாவை உதறின மாதிரி கூட்டம் திரும்பும். ஒன்று 70 கிராம்தான், ஆனால் நூற்றுக்கணக்கில் நெருக்கமாகப் பறக்கும். சாம்பினோவில் எஞ்சினுக்குள் புகுந்தது இதன் உறவுக்காரக் குருவிதான்.

முதல் மழைக்குப் பிறகு சாயங்காலம் ஈசல் கிளம்பும் நாள்தான் எனக்குப் பயம். புல்லிலிருந்து புகை மாதிரி ஈசல் எழும்ப, மேலே காக்காயும் பருந்தும் மைனாவும் வாயைத் திறந்துகொண்டு வரும். அன்று மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் வானமே புள்ளி வைத்த மாதிரி இருக்கும்.

மயில்?

சரி, இதற்குத்தான் காத்திருந்தேன். ஆண் மயில் 4 முதல் 6 கிலோ. முன்பு சொன்ன கணக்கைப் போட்டால், 5 கிலோ மயில் மோதுவது அதே அரிசிச் சிப்பம் 15 மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். கண்ணாடிச் சோதனை 1.8 கிலோவுக்கு. எஞ்சினில் போட்டுச் சோதிக்கும் பெரிய ஒற்றைப் பறவையே எஞ்சின் அளவைப் பொறுத்து 3.65 கிலோ வரைதான். அதிலும் கேட்பது, எஞ்சின் சிதறாமல் பத்திரமாக நிற்கவேண்டும் என்பது மட்டுமே. மயில் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது.

நம் பக்கம் மயில் பெருகியதற்கு என் கணக்கில் மூன்று காரணம். உழுத மானாவாரிக் காடெல்லாம் சைட் போட்டுச் சும்மா கிடந்து சீமைக்கருவேலம் அடைத்துவிட்டது. முட்டை தின்னும் குள்ளநரி போய்விட்டது. மருதமலை முருகன் வாகனத்தின்மேல் நாம் கை வைக்கமாட்டோம். நிலக்கடலை போட்டவர் வயிறு எரிவார், ஆனால் கல்லெறிவதோடு சரி. சட்டமும் அப்படித்தான். 1963 முதல் தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. கொல்ல முடியாது. பிடித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் விடவும் வனத்துறை அனுமதி வேண்டும். விட்ட இடத்திலேயே இருக்கும் என்று அதனிடம் எழுதி வாங்கவும் முடியாது. வேலியை அடியில் இடைவெளி இல்லாமல் கட்டுவது, உள்ளே புதரை வெட்டுவது, ராத்தங்கும் மரத்தைக் கவனிப்பது, இவைதான் வழி. அதிர்ஷ்டவசமாக மயில் உயரப் பறக்காது. ஓடுதளத்தில் நடந்து குறுக்கே வருவதுதான் தொல்லை. விமானம் தரையில் ஓடும் அந்தக் கடைசி நிமிஷத்துக்கான தொல்லை அது.

ஆலோலம் பாடிப் பறவை விரட்டியவள் வள்ளி, மயிலேறி வந்தவன் அவள் வீட்டுக்காரன். விமான நிலையத்தின் வழக்கு அந்த வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கும் போல.

விமான நிலையத்தில் எப்படி விரட்டுகிறார்கள்?

எங்கள் அப்பாரு சோளக்காட்டில் பரண் கட்டி எப்படி விரட்டினாரோ அப்படித்தான். அவரிடம் கவணும் தகர டப்பாவும் இருந்தன. இவர்களிடம் பட்டாசும், எரிவாயுவில் வெடிச்சத்தம் போடும் ஜோன் கன்னும், பறவையின் அபாயக் குரலைப் போடும் ஒலிபெருக்கியும், ஜீப்பும் இருக்கின்றன. அப்பாருவுக்குத் தெரிந்த ரகசியம் இங்கேயும் பொருந்தும். ஒரே இடத்தில் ஒரே மாதிரி சத்தம் போட்டால் மூன்றாம் நாள் காக்கா சோளக்கொல்லை பொம்மைமேலேயே உட்கார்ந்துவிடும். இடத்தையும் நேரத்தையும் சத்தத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஆள் நின்று செய்யும் வேலை இது.

அதைவிட முக்கியம் புல். ரொம்பக் குட்டையாக வெட்டினால் பூச்சியும் எலியும் பளிச்சென்று தெரிந்து பறவை வரும். ஆளுயரம் வளரவிட்டால் மயிலும் கௌதாரியும் குடும்பம் நடத்தும். தேங்கிய தண்ணீரை வடிப்பது, பழமரம் வைக்காமல் இருப்பது, இவையெல்லாம் வெடிச்சத்தத்தைவிடப் பலன் தரும்.

கோழிக்கடைக் கழிவுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

எல்லாச் சம்பந்தமும். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 91-ஆவது விதி, விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ. தூரத்துக்குள் பறவை வரும்படி ஆடு மாடு அறுக்கவும் கழிவு கொட்டவும் கூடாது என்கிறது. வரைபடத்தை எடுத்து வட்டம் போட்டுப் பாருங்கள். சிங்காநல்லூர், இருகூர், காளப்பட்டி, கணபதி எல்லாம் உள்ளே. வெள்ளலூர் குப்பைக் கிடங்கும் நேர்கோட்டில் 10 கி.மீ.க்குள்தான். பிராய்லர் தொழிலை வளர்த்த ஊர் நாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எவ்வளவு குடலும் இறகும் சாக்கில் ஏறும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் ஊர்க் கடைக்காரரிடம் ஒரு நாள் கேட்டேன். 'ஏனுங்கண்ணா, சாக்கு எங்க போகுது?' 'வண்டிக்காரன் வந்து எடுத்துக்குவானுங்க, மீன் பண்ணைக்குன்னு சொல்றான்.' 'வராத அன்னைக்கு?' அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே குளத்துப் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான் பதில்.

அப்படியானால் குளங்களை மூடிவிடலாமா?

கூடாது. சிங்காநல்லூர் குளமும் சூலூர் குளமும் விமான நிலையத்துக்கு எத்தனையோ தலைமுறை முன்னால் நொய்யல் தண்ணீருக்காக வெட்டியவை. ஒரு குளத்தை அழித்தால் அங்கிருந்த நாரையும் நீர்க்காகமும் செத்துப்போகாது. அடுத்த குளத்துக்குப் பறக்கும், நடுவில் ஓடுதளம் வந்தால் அதன் குறுக்கே பறக்கும். எந்தப் பறவை எந்த நேரத்தில் எந்த வழியாகப் போகிறது என்று எழுதி வைப்பதுதான் வேலை. காலை விடியலும் மாலையும் அவை இடம் மாறும் நேரம்.

பறவை மோதினால் அதே விமானம் திரும்பிப் போகும் பயணத்தை ஏன் ரத்து செய்கிறார்கள்?

எஞ்சினுக்குள் போரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டு ஒவ்வொரு இதழாகப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் பறக்கவிடமாட்டார்கள். இதழ் வளைந்திருந்தால் மாற்றவேண்டும், பாகமும் ஆளும் வெளியூரிலிருந்து வரவேண்டியிருக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். டிக்கெட் பணமோ மாற்று விமானமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை.

செத்தது எந்தப் பறவை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இறகின் நுண்ணமைப்பை வைத்து, அல்லது ரத்தக்கறையின் மரபணுவை வைத்து. 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டனில் ஸ்டார்லிங் கூட்டம் மோதி ஒரு விமானம் விழுந்து 62 பேர் இறந்தார்கள். அந்த இறகுகளை ஆராய்ந்த ராக்ஸி லேபர்ன் என்ற அம்மையார்தான் இந்தத் துறைக்கே வழி போட்டவர். எந்தப் பறவை என்று தெரிந்தால்தான் எந்த இரையை, எந்த மரத்தைக் கவனிப்பது என்று தெரியும். பறவையியலுக்கென்றே 1990-ல் தொடங்கிய ஒரு மையம் நம் ஆனைக்கட்டியில், சாலிம் அலி பெயரில் இருக்கிறது. கோவைக்காரர்கள் பாதிப் பேருக்கு இது தெரியாது.

பயணியாக நான் என்ன செய்யலாம்?

பெல்ட்டைக் கழற்றாதீர்கள். அவசரமாக இறங்கச் சொன்னால் பையை எடுக்காதீர்கள். வீடியோ எடுப்பதை நிறுத்துங்கள்.

ஊர்க்காரனாக?

கழிவு கொட்டும் இடத்தைப் பார்த்தால் தேதி, நேரம், இடத்தோடு படம் எடுத்து ஊராட்சிக்கும் விமான நிலையத்துக்கும் எழுதுங்கள். சுற்றுப்புறத்தைக் கவனிக்க ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு குழு உண்டு, உள்ளாட்சிக்காரர்களும் அதில் இருப்பார்கள். போன ஐப்பசியில் ஓடைக்கரையில் கிடந்த சாக்குகளைப் படம் எடுத்து நான் அனுப்பினேன். மூன்று தடவை எழுதியபின் ஒரு பொக்லைன் வந்து அள்ளிப் போனது. அடுத்த நாள் எண்ணினேன், முப்பத்தி இரண்டு பருந்து. நான்காம் நாள் ஐந்து. இப்போது ஒற்றைப் பருந்து மட்டும் காலையில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறது.